மணலெழுத்தும் ஏட்டெழுத்தும்: படியெடுத்தெழுதும் கோப்பு முறைமைகளில் இடமாற்றுக் கோப்பின் மட்டுப்பாடுகள்

கணினியின் நினைவகம் பற்றிய கட்டுரையொன்று தமிழ்மன்ற ஆய்விதழிலே இடம்பெறுவது வாசகர் சிலருக்கு வியப்பளித்தல் கூடும். ஆயின், நூற்பதிப்பு, சுவடிப் பாதுகாப்பு, வாய்மொழி வழக்காற்றுத் தொகுப்பு ஆகிய நமது பணிகள் யாவும் இன்று கணினியின்மேலேயே நடைபெறுகின்றன. பனையோலையின் ஆயுளும் அச்சுத்தாளின் விலையும் தமிழிலக்கிய வரலாற்றின் போக்கைப் பெரிதும் பாதித்தன என்பதை ஏற்றுக்கொள்ளும் ஆய்வாளர், தமது மேசைமீதுள்ள கருவியின் பௌதிக இயல்பை மட்டும் ‘தொழில்நுட்பக்காரர் விடயம்’ என்று ஒதுக்கிவிடுவது முரணானது. அவ்வாறு ஒதுக்கியதன் விளைவை நாம் தண்ணீரூற்றிலே அனுபவித்தோம். அவ்வனுபவமே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல்.

தண்ணீரூற்று, முல்லைத்தீவு – மாங்குளம் வீதியில் முள்ளியவளையை அடுத்து அமைந்த ஊர். பெயரே சுட்டுவதுபோல நீரூற்றினால் அறியப்பட்டது. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் வழிபாட்டோடு நெருங்கிய தொடர்புடைய கோவலன் கூத்து இப்பகுதியின் சிறப்பான ஆற்றுகை மரபு. அதன் பாடல்களும் ஆட்டத் தரவுகளும் அண்ணாவிமாரின் கையெழுத்துக் கொப்பிகளிலே வாழ்ந்துவந்தன. 1990 ஒக்ரோபரில் இவ்வூர் முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது அவர்களின் வீட்டு ஆவணங்கள் அழிந்தன. 2008ஆம் ஆண்டின் இறுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் எஞ்சியோர் அனைவரும் பெயர்ந்தபோது ஏனையோரின் பெட்டிகளும் அவ்வாறே போயின. உடுதுணியோடு நடந்த மக்களிடம் கொப்பிகளைக் காக்கவில்லையே என்று குறைகூறுவதற்கு எவருக்கும் உரிமையில்லை. எஞ்சிய சிலவற்றை ஒளிப்படியெடுத்து, பாடபேதங்களோடு தட்டச்சிடும் பணியிலேயே நாம் ஈடுபட்டிருந்தோம்.

எம்மிடம் இருந்தது 4 கிகாபைற் நினைவகம் கொண்ட பழைய மடிக்கணினி. அதில் லினக்ஸ் இயங்குதளம். அதன் வன்தட்டைப் பட்டர் எப்.எஸ். என வழங்கும் கோப்பு முறைமையில் அமைத்திருந்தோம். அதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, அம்முறைமை ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பெண் ஒன்றைப் பேணுவதால், தட்டிலே எழுத்துகள் தாமாகச் சிதைந்தால் அதனைக் கண்டறியலாம். மற்றையது, ஒவ்வோர் இரவும் முழுத் தொகுப்பின் நிலையையும் ‘ஸ்னப்ஷொட்’ எனும் கணநிலைப் படியாக நிறுத்திவைக்கலாம். பாடபேத ஆய்வு செய்பவருக்கு இதைவிட உவப்பான வசதி வேறில்லை. நேற்றைய பாடம் இன்றைய திருத்தத்தால் அழியாது.

கொப்பிகளின் படிமங்களைத் திறந்தபோதுதான் சிக்கல் தோன்றியது. ஏ4 அளவுப் பக்கமொன்றை அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற செறிவில் வண்ணமாக எடுத்தால், விரித்த நிலையில் அது நினைவகத்தில் ஏறத்தாழ 100 மெகாபைற் இடத்தைக் கொள்ளும். பத்துப் பன்னிரண்டு பக்கங்களை ஒருசேர ஒப்புநோக்கத் தொடங்கியதும் கணினி திணறியது. இளைஞர் ஒருவர் இடமாற்றுக் கோப்பு ஒன்றை அமைத்துத் தந்தார். திணறல் நின்றது. ஆனால் அந்த நாளிலிருந்து பதினொரு இரவுகள் கணநிலைப் படி ஒன்றேனும் எடுக்கப்படவில்லை என்பதைப் பன்னிரண்டாம் நாளே அறிந்தோம். அதற்குள் மூன்றாம் கொப்பியின் திருத்தப்பட்ட பாடம், தவறுதலாக வேறொரு கோப்பினால் மேலெழுதப்பட்டுவிட்டது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் என்ன தொடர்பு? நினைவகத்துக்குத் துணையாக அமைத்த கோப்பு, காப்புப் படியை ஏன் தடுத்தது? இவ்வினாவுக்கு விடைகாண முற்படின் கணினியியலின் இரு வேறு மரபுகளை அவற்றின் வரலாற்றோடு நோக்குதல் வேண்டும்.

முதலாவது, இடமாற்றம் என்ற கருத்து. கணினியின் விரைவு நினைவகம் எப்போதும் விலையுயர்ந்தது. தட்டு ஒப்பீட்டளவில் மலிவானது. 1962ஆம் ஆண்டில் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் இயங்கத் தொடங்கிய அற்லஸ் கணினியிலே, ரொம் கில்பேர்ணும் அவருடைய குழுவினரும் சிறிய காந்தக்கரு நினைவகத்தையும் பெரிய காந்த உருளையையும் ஒரே களஞ்சியமாகத் தோன்றச் செய்தனர். நிரலுக்கு வேண்டிய பக்கம் நினைவகத்தில் இல்லாதபோது உருளையிலிருந்து கொண்டுவரப்படும். அதற்கு இடம்விட வேறொரு பக்கம் உருளைக்குச் செல்லும். இன்றைய கணினிகளிற் பெரும்பாலும் 4096 பைற் அளவுள்ள பக்கங்களாக இது நிகழ்கின்றது. எமது 4 கிகாபைற் நினைவகம் என்பது இத்தகைய பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பக்கங்களே.

லினக்ஸின் வரலாற்றிலும் இவ்வசதி நுழைந்த விதம் கவனத்துக்குரியது. லினஸ் ரோவால்ட்ஸ் 1991ஆம் ஆண்டின் இறுதியில் இதனை எழுதியமைக்கு உடனடித் தூண்டுதலாக அமைந்தது, 2 மெகாபைற் நினைவகம் மட்டுமே கொண்ட கணினியை வைத்திருந்த ஜேர்மனியப் பயனர் ஒருவரின் இடர்ப்பாடு. 1992 ஜனவரியில் வெளிவந்த 0.12ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது. ஆகவே இடமாற்றுவெளி என்பது தொடக்கத்திலேயே போதிய நினைவகம் வாங்க இயலாதவரின் தேவையிலிருந்து பிறந்தது. அதனை வறியவரின் நினைவகம் என்றால் மிகையாகாது.

இதன் இயல்பை நமது திண்ணைப் பள்ளியின் மணலெழுத்தோடு ஒப்பிடலாம். மாணவன் விரலாற் கீறுவான், பார்ப்பான், கையால் அழித்து அவ்விடத்திலேயே அடுத்ததை எழுதுவான். பழைய எழுத்தைக் காக்கவேண்டும் என்ற எண்ணமே அங்கில்லை. வேண்டுவது விரைவும், அவ்விடத்திலேயே மீண்டும் எழுதும் வசதியுமே.

இரண்டாவது மரபு இதற்கு நேரெதிரானது. ‘கொப்பி ஒன் றைற்’ எனப்படும் படியெடுத்தெழுதும் முறையில், இருக்கும் தரவின்மேல் எதுவும் எழுதப்படுவதில்லை. மாற்றம் தட்டின் வேறொரு வெற்றிடத்திலே புதிதாக எழுதப்படும். அதன்பின் அப்புதிய இடத்தைச் சுட்டும் குறிப்பும் புதிதாக எழுதப்படும்; அக்குறிப்பைச் சுட்டும் குறிப்பும் அவ்வாறே; இங்ஙனம் மரத்தின் இலையிலிருந்து வேர்வரை புதுப்பிக்கப்பட்டு, இறுதியில் வேரைச் சுட்டும் முகவரி மட்டும் மாறும். இடையில் மின்சாரம் நின்றாலும் பழைய மரம் முழுமையாக எஞ்சும். ஏட்டிலே எழுத்தாணியாற் கீறிய எழுத்தை அழிக்கமுடியாது. திருந்திய பாடத்தை வேறோர் ஓலையில் எழுதிப் பழைய ஓலையின் இடத்திற் கோக்க வேண்டும். கழற்றிய ஓலையை எறியாது வைத்திருந்தால் பழைய பாடமும் நம்மிடம் இருக்கும். கணநிலைப் படி என்பது அந்தக் கழற்றிய ஓலைகளை எறியாதிருத்தலே. பொதுவான ஓலைகள் இரு கட்டுகளுக்கும் உரியனவாக இருப்பதால் இடச்செலவும் குறைவு.

இம்முறையைச் சண் மைக்கிரோசிஸ்ரம்ஸ் நிறுவனத்தின் இசட்.எப்.எஸ். 2005ஆம் ஆண்டளவில் பரவலாக அறிமுகப்படுத்தியது. ஒறக்கிள் நிறுவனத்திற் பணியாற்றிய கிறிஸ் மேசன் 2007ஆம் ஆண்டு தொடங்கிய பட்டர் எப்.எஸ்., லினக்ஸின் 2.6.29ஆம் பதிப்பில் சேர்ந்தது. அப்பதிப்பு வெளிவந்தது 2009 மார்ச்சில். முல்லைத்தீவு மாவட்டத்து மக்கள் கடற்கரையோரச் சிறு நிலத்துண்டுக்குள் நெருக்கப்பட்டு, கையிலிருந்த கடைசி ஆவணங்களையும் இழந்துகொண்டிருந்த மாதம் அது. எதையும் அழிக்காது காக்கும் முறைமை உலகின் ஒருபுறத்தில் வெளியாகும்போது மறுபுறத்தில் நடந்தது இது. இவற்றிடையே காரணகாரியத் தொடர்பு எதுவுமில்லை. எனினும் தேதியைக் கண்டபோது எம்மாற் கடந்துசெல்ல இயலவில்லை.

இனி, மணலெழுத்தை ஏட்டுக்கட்டுக்குள் வைக்க முயலும்போது எழும் முரண்பாட்டை நோக்குவோம். லினக்ஸ் இடமாற்றுக் கோப்பை ஏனைய கோப்புகளைப்போற் கையாளுவதில்லை. கோப்பு செயற்படுத்தப்படும் கணத்தில், அதன் துண்டுகள் தட்டின் எவ்வெவ்விடத்தில் உள்ளன என்ற பட்டியலை இயங்குதளத்தின் கரு ஒருமுறை கேட்டறிந்து குறித்துக்கொள்ளும். பின்னர் கோப்பு முறைமையிடம் எதுவும் கேளாது, நேரே தட்டின் அவ்விடங்களில் எழுதும், வாசிக்கும். விரைவும், நெருக்கடியில் இடையூறின்மையும் கருதி அமைந்த ஏற்பாடு இது. ஒரு கோப்பின் இடம் மாறாதிருக்கும் பழைய வகை முறைமைகளில் இதனால் தீங்கில்லை. ஆனால் படியெடுத்தெழுதும் முறைமையிலோ இடம் மாறுவதே விதி. பட்டியல் பழையதாகிவிட்டால், இடப்பெயர்வுக்கு முந்திய காணி இலக்கத்தோடு வருபவர் வேறொரு குடும்பம் குடியிருக்கும் வளவுக்குள் நுழைவதுபோல, கரு தனது பக்கத்தை வேறொரு கோப்பின் இடத்திலே எழுதிவிடும். அக்கோப்பு நமது கூத்துக் கொப்பியின் படிமமாகவும் இருக்கலாம்.

சரிபார்ப்பெண்ணும் இங்கு பொய்யாகும். கோப்பு முறைமையைத் தாண்டி எழுதப்பட்ட தரவுக்கு அதன் பழைய சரிபார்ப்பெண் பொருந்தாது. முறைமை அதனைச் சிதைவு என்று அறிவிக்கும். தரவைச் சுருக்கிச் சேமிக்கும் வசதியும் இதனோடு ஒவ்வாது. சுருக்கப்பட்ட கோப்பில் ஒரு பக்கத்துக்குத் தட்டில் ஒத்த அளவான ஓரிடம் இருப்பதில்லையாதலால் பட்டியலே அர்த்தமற்றதாகிவிடுகின்றது.

அப்படியானால் கோப்பு முறைமையைக் கேட்டே ஒவ்வொரு முறையும் எழுதினால் என்ன என்ற வினா எழலாம். இங்கேதான் மிக ஆழமான இடர் வெளிப்படுகின்றது. இடமாற்றம் நிகழ்வது நினைவகம் தீர்ந்துபோகும் வேளையில். படியெடுத்தெழுதுவதற்கோ நினைவகம் தேவை: புதிய இடத்தைத் தேட வேண்டும்; பட்டர் எப்.எஸ்.இல் வழக்கமாக 16 கிலோபைற் அளவான மரக்கணுக்கள் பலவற்றைப் புதிதாக ஆக்கவேண்டும், சரிபார்ப்பெண் கணிக்கவேண்டும். 4 கிலோபைற் பக்கம் ஒன்றை வெளியேற்றுவதற்கு அதனிலும் கூடிய நினைவகம் வேண்டியிருக்கின்றது. பல மாற்றங்களைச் சேர்த்து ஒருமுறையில் எழுதுவதால் இச்செலவு பகிரப்படுவது உண்மையே. ஆயினும் நெருக்கடியின் உச்சத்தில் எஞ்சிய நினைவகம் எதுவும் இல்லாதபோது, நினைவகத்தை விடுவிக்கும் செயலே நினைவகத்துக்காகக் காத்துநிற்கும். வட்டியைக் கட்டுவதற்கு அதே முதலாளியிடம் மேலும் கடன் கேட்கும் கமக்காரனின் நிலை இது. கணினி உறைந்து நிற்கும்.

இசட்.எப்.எஸ். பற்றிய அனுபவம் இதற்குச் சான்று. அதிற் சாதாரணக் கோப்பை இடமாற்றுக் கோப்பாகப் பயன்படுத்த இயலாது. அதன் களஞ்சியத்திலிருந்து தட்டுப்போல் நடிக்கும் பகுதியொன்றைப் பிரித்து அதற்கு ஒதுக்குவர். லினக்ஸில் அவ்வாறு செய்தபோது கடும் நினைவக நெருக்கடியிற் கணினி முடங்கிப்போதல் நெடுங்காலமாக அறியப்பட்ட குறை. அப்பிள் நிறுவனம் 2017ஆம் ஆண்டில் மக் கணினிகளுக்குக் கொண்டுவந்த ஏ.பி.எப்.எஸ். முறைமையும் படியெடுத்தெழுதுவதே. அங்கு இடமாற்றுக் கோப்புகள் ஏனைய தரவுகளோடு கலவாது, அதற்கெனவே அமைந்த தனித் தொகுதியில் வைக்கப்படுகின்றன. முரண்பாட்டை அவர்கள் தீர்த்தார்கள் என்பதிலும் பிரித்துவைத்தார்கள் என்பதே பொருந்தும்.

பட்டர் எப்.எஸ். லினக்ஸில் இணைந்த 2009 தொடக்கம் பத்தாண்டுகள் அதில் இடமாற்றுக் கோப்பைச் செயற்படுத்த இயலாதிருந்தது. தட்டுப்போல் நடிக்கும் இடைக்கருவி ஒன்றின்மூலம் சிலர் அதனை ஏமாற்ற முயன்றனர். அது மேற்கூறிய உறைவுக்கு வாயிலைத் திறந்துவிடுவது. 2019 மார்ச்சில் வெளிவந்த லினக்ஸ் 5.0இலேயே, பேஸ்புக் நிறுவனத்தின் பொறியியலாளர் ஓமர் சண்டோவலின் உழைப்பினால், இவ்வசதி முறைப்படி கிடைத்தது. கிடைத்த விதத்தை உற்றுநோக்கினால், அது படியெடுத்தெழுதும் முறைக்குள் இடமாற்றத்தை ஏற்றுக்கொண்டதாக இல்லை. அக்கோப்பை அம்முறையிலிருந்து விலக்கியதாகவே இருக்கின்றது. கோப்புக்குப் படியெடுத்தெழுதல் நீக்கப்பட்டிருக்க வேண்டும். அந்நீக்கத்தைக் கோப்பு வெறுமையாக உள்ளபோதே செய்தாக வேண்டும். தரவு எழுதியபின் செய்தாற் பயனில்லை. அதனோடு சரிபார்ப்பெண்ணும் சுருக்கமும் தாமே நீங்கும. முழு இடமும் இடைவெளியின்றி முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கவேண்டும். முறைமை ஒரே தட்டின்மீது, தரவின் ஒற்றைப்படி மட்டும் பேணும் அமைப்பில் இருக்கவேண்டும். இரு தட்டுகளில் இருபடி காப்பவர்க்கு இவ்வசதி இல்லை. எமது இளைஞர் முதன்முறை சாதாரண வழியிற் கோப்பை ஆக்கியபோது கணினி ‘தவறான உள்ளீடு’ என்ற பொருள்படும் இரு சொற்களோடு மறுத்துவிட்டது. மறுப்பின் காரணத்தைக் கூறாத அதிகாரியின் கடிதத்தை அது நினைவூட்டியது. பட்டர் எப்.எஸ். கருவித்தொகுதியின் 6.1ஆம் பதிப்பிலிருந்து இந்நிபந்தனைகள் அனைத்தையும் தானே நிறைவேற்றும் தனிக்கட்டளை ஒன்று உண்டு.

எஞ்சியது எம்மைப் பாதித்த நிபந்தனை. கணநிலைப் படி எடுக்கும்போது கோப்பின் துண்டுகள் பழைய படிக்கும் நடப்புப் படிக்கும் பொதுவாகிவிடுகின்றன. அதன்பின் நிகழும் முதல் எழுத்து, படியெடுத்தெழுதல் நீக்கப்பட்ட கோப்பேயாயினும், புதிய இடத்திலேயே நிகழ்ந்தாகவேண்டும். அல்லவெனிற் பழைய படி கெட்டுவிடும். ஆனால் கருவோ பட்டியலில் உள்ள இடத்திலேயே எழுதும். ஆதலால், செயற்பாட்டிலுள்ள இடமாற்றுக் கோப்பு இருக்கும் உபதொகுதியைக் கணநிலைப் படியெடுக்க முறைமை மறுக்கின்றது. எமது கோப்பு தொகுப்பு முழுவதும் இருந்த அதே உபதொகுதியில் வைக்கப்பட்டிருந்தது. ஒவ்வோர் இரவும் மறுப்பு நிகழ்ந்து, எவரும் திறந்து பாராத பதிவேட்டில் எழுதப்பட்டது. மறுப்பு நியாயமானதே. அதனை வாசிக்காதது எமது குற்றம்.

அம்மறுப்பின் வாசகம் இலக்கிய மாணவரை ஒருகணம் நிறுத்திவைப்பது: ‘ரெக்ஸ்ற் பைல் பிசி’. பாடம் பயன்பாட்டில் உள்ளது என்று மயங்கினோம். யூனிக்ஸ் மரபில் ‘ரெக்ஸ்ற்’ என்பது மனிதர் வாசிக்கும் பாடமன்று. இயந்திரம் நிறைவேற்றும் கட்டளைத் தொகுதி. இங்கோ அதுவுமின்றி, வேறொரு தேவைக்கு இரவல் பெறப்பட்ட பழைய பிழைச் செய்தி மாத்திரமே. சொற்பொருள் வேறுபாடு பற்றி நாம் எழுதிய கட்டுரைகள் அவ்வேளை எமக்கு உதவவில்லை.

வேறு சில மட்டுப்பாடுகளைச் சுருக்கமாகக் கூறலாம். தட்டின் தரவுகளைச் சீராக மறுபங்கிடும்போது, செயற்படும் இடமாற்றுக் கோப்பு உள்ள பகுதிகள் தவிர்க்கப்படும். அக்கோப்புள்ள தட்டை அகற்றவோ மாற்றவோ இயலாது. முறைமையைச் சுருக்குவது, கோப்பு வெட்டப்படும் எல்லைக்குள் இல்லாதபோதே கைகூடும். கணினியின் நிலையை முழுவதும் தட்டில் எழுதிவிட்டு மின்னை நிறுத்தும் உறங்குநிலைக்கு இக்கோப்பைப் பயன்படுத்தலாம். ஆயின் மீண்டெழும்போது கோப்பின் பௌதிக இடத்தைக் கருவுக்கு முன்கூட்டியே அறிவித்திருத்தல் வேண்டும். வழமையான கருவிகள் காட்டும் எண் பட்டர் எப்.எஸ்.இன் உள்முகவரியேயன்றித் தட்டின் உண்மை இடமன்று. அதனை நம்பியவர்கள் உறங்கிய கணினியை எழுப்பமுடியாது தவித்திருக்கின்றனர்.

இலங்கையில் இவ்விடயம் அற்பமானதன்று. 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிய நாடு இது. அக்காலத்தில் உறங்குநிலை என்பது வசதியன்று, வேலையின் நிபந்தனை. இப்போது பலர் விதந்துரைப்பது நினைவகத்துக்குள்ளேயே பக்கங்களைச் சுருக்கி வைக்கும் ‘சீராம்’ முறையை. பெடோரா எனும் லினக்ஸ் வழங்கல் தனது 33ஆம் பதிப்பில், 2020 ஒக்ரோபரில், மேசைக்கணினிகளுக்குப் பட்டர் எப்.எஸ்.ஐ இயல்பாக்கியபோது இதனையும் இயல்பாக்கியது. சிறு நெருக்கடிக்கு அது சிறந்த தீர்வு, தட்டைத் தொடுவதேயில்லை. ஆனால் மின் நின்றால் அதுவும் நின்றுவிடும், உறங்குநிலைக்கு உதவாது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படிமத் தரவுகளால் நிரம்பிய நினைவகத்தை அது மேலும் அதிகம் சுருக்கவும் இயலாது.

‘நினைவகத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள், இடமாற்றம் வேண்டியதில்லை’ என்பது இவ்விடயத்தில் மிகச் சாதாரணமாக வழங்கப்படும் அறிவுரை. அது தொழில்நுட்ப அறிவுரையின் வேடத்திலுள்ள வர்க்க அறிவுரை. உலகின் நினைவகச் சில்லுகளிற் பெரும்பங்கைச் சாம்சுங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரோன் ஆகிய மூன்று நிறுவனங்களே உற்பத்தி செய்கின்றன. 2022இல் ரூபாவின் பெறுமதி வீழ்ந்தபோது இறக்குமதிப் பொருளான இச்சில்லின் விலை இங்கு என்னவாயிற்று என்பதைப் பழைய கணினி வாங்கிய எவரும் அறிவர். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை நுண்ணறிவுக்கான பெருங்கணினிக் கூடங்கள் சில்லுகளை வாரிக்கொண்டதால் உலகச் சந்தையிலும் விலை ஏறியது. மூலதனத்தின் பெருந்தேவை வன்னியிலுள்ள மடிக்கணினியின் திணறலாக வந்து சேரும் வழி இதுவே. போதிய நினைவகம் உடையவருக்கு இக்கட்டுரையின் பிரச்சினைகள் பெரும்பாலும் எழுவதில்லை. அதனாலேயே அவை நெடுங்காலம் பின்தள்ளப்பட்டன என்று அறுதியிட்டுக் கூறோம். பொறியியல் இடர்களும் உண்மையானவையே. ஆனால் எக்குறை முதலிற் களையப்படும் என்பது எவருடைய குறை என்பதோடு தொடர்பற்றதன்று.

இன்னொன்றும் மனங்கொள்ளத்தக்கது. இடமாற்றுக் கோப்பைக் கணநிலைப் படியெடுக்க முடிந்திருந்தாலும் அது விரும்பத்தக்கதன்று. நினைவகப் பக்கங்களில் கடவுச்சொல்லும், எழுதி அனுப்பாத கடிதமும், பெயரை வெளியிடவேண்டாம் என்று கேட்டுக்கொண்ட தகவலாளியின் உரையும் இருக்கலாம். அவற்றை இரவுதோறும் படியெடுத்து மாதக்கணக்கில் வைத்திருப்பது நமது சூழலில் யாருக்கு உதவும் என்பதை விளக்கவேண்டியதில்லை. மணலில் எழுதியது மணலிலேயே அழிவதுதான் முறை.

தண்ணீரூற்றிலே செய்த மாற்றம் எளியது. இடமாற்றுக் கோப்புக்கெனத் தனி உபதொகுதி ஒன்றை ஆக்கி, அதனுள் 8 கிகாபைற் கோப்பை அமைத்தோம். ஓர் உபதொகுதியைப் படியெடுக்கும்போது அதனுள் அடங்கிய வேறு உபதொகுதி படியிற் சேர்வதில்லை; வெற்றுக் கோப்புறையாக மட்டும் தோன்றும். ஆதலால் தொகுப்பின் கணநிலைப் படி தடையின்றி எடுக்கப்படுகின்றது. தட்டைப் புதிதாகப் பிரிக்கக்கூடியவர்கள் இடமாற்றத்துக்குத் தனிப் பகுதியே ஒதுக்குவது இதனிலும் நன்று. நமது தட்டு நிரம்பியிருந்ததால் அதற்கு வழியில்லை. இரவுப் பணியின் பதிவேட்டை இப்போது காலையில் முதலில் வருபவர் வாசித்துக் கையொப்பமிடுகின்றார்.

பதினொரு இரவுகளின் படிகள் இல்லை. மூன்றாம் கொப்பியின் படிமங்கள் தப்பியமையால் பாடத்தை மீண்டும் தட்டச்சிட்டு வருகின்றோம். ஆனால் ஓரங்களிற் குறித்திருந்த விளக்கங்கள் படிமத்தில் இல்லை. அவை முதிய அண்ணாவியார் ஒருவர் ஒரு பிற்பகல் முழுவதும் பாடிக்காட்டிச் சொன்னவை. அவரிடம் மறுபடி போகவேண்டும்.